இடாப்பில் இல்லாத சிப்பாய்கள்

நோன்புப் பெருநாள் லீவுக்கு ஊருக்கு வந்திருந்த பழைய மாணவன் ஒருவன் அஸருக்குப் பிறகு என்னைத் தேடி வீட்டுக்கு வந்தான். கட்டாரில் ஒரு கட்டடக் கம்பனியில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறான். படிக்கிற காலத்தில் வரலாற்றுப் பாடம் என்றால் கடைசி வாங்கில் போய் இருந்துகொள்கிறவன். அன்று அவனாகவே வரலாற்றுக் கேள்வி ஒன்றோடு வந்திருந்தான். கைத்தொலைபேசியில் ஒரு பழைய கடதாசியின் படத்தைக் காட்டினான்.

"சேர், இது என்ட ரூமில இருக்கிற பிலிப்பைன்ஸ் பொடியன்ட மூத்தாப்பாட கடதாசி. அவங்களும் நம்மளப் போல முஸ்லிம்தான், கொத்தபாத்துப் பக்கம். ஜப்பான்காரனோட சண்ட புடிச்ச மனிசனாம். இந்தக் கடதாசிய வெச்சிக்கிட்டு மௌத்தாகும் வரைக்கும் அமெரிக்காட காசுக்கு அலஞ்சிருக்கார். ஒரு சதமும் கிடைக்கல்லயாம். ஏன் சேர்?"

படத்தில் இருந்தது தட்டச்சில் அடித்த ஒரு சத்தியக் கடதாசி. 23ஆம் இலக்கப் படிவம் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. பெயர், பிறந்த ஊர், எந்தப் படைப்பிரிவில் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, யாருடைய கட்டளையின் கீழ் என்றெல்லாம் கேள்விகள். அடியில் மங்கிப்போன ஒரு கையெழுத்து.

எனக்குப் பதில் தெரியவில்லை. "தேடிப் பார்த்துச் சொல்றன் மகன்" என்று சொல்லி அனுப்பினேன். அவன் திரும்பிப் போய்ப் பல மாதங்களாகிவிட்டன. தேடியதில் எனக்குக் கிடைத்த பதில் ஒரு வட்ஸ்அப் செய்திக்குள் அடங்கக்கூடியதாக இல்லை. ஆகவேதான் இக்கட்டுரை.

நமது பாடநூல்களில் இரண்டாம் உலக யுத்தம் என்றால் பேர்ல் துறைமுகமும் ஹிரோஷிமாவும்தான். நம்மூர்ப் பெரியவர்கள் அதனோடு திருகோணமலையில் குண்டு விழுந்த கதையையும் சொல்வார்கள். ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியது 1942 ஏப்ரல் 9ஆம் திகதி. அதே தினத்தில்தான் பிலிப்பைன்ஸின் பட்டான் குடாநாட்டில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் ஜப்பானியரிடம் சரணடைந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் பிலிப்பினோக்கள். அவர்களிலும் பெரும்பாலானோர் சில மாதங்களுக்கு முன்புவரை வயலிலும் கடலிலும் தொழில் செய்துகொண்டிருந்த சேமப்படைக்காரர்கள்.

அழைக்கப்பட்டவர்கள்

1898ஆம் ஆண்டின் யுத்தத்தில் தோற்ற ஸ்பெயினிடமிருந்து, 20 மில்லியன் டொலரைக் கொடுத்து, பிலிப்பைன்ஸ் தீவுகளை அமெரிக்கா தன்வசமாக்கிக்கொண்டது. 1934இல் அமெரிக்கக் கொங்கிரஸ் நிறைவேற்றிய டைடிங்ஸ்-மக்டஃபி சட்டம் பத்தாண்டு இடைக்காலம் ஒன்றின் பின்னர் அத்தீவுகளுக்குச் சுதந்திரம் தருவதாக வாக்களித்தது. அதன்படி 1935இல் மனுவேல் கேசோனை ஜனாதிபதியாகக் கொண்ட பொதுநல அரசு மணிலாவில் அமைந்தது. ஆனால் அச்சட்டத்தினுள்ளே ஒரு பிரிவு இருந்தது. பிலிப்பைன்ஸ் அரசு அமைக்கின்ற எந்தப் படையையும் அமெரிக்க ஜனாதிபதி தமது கட்டளை ஒன்றினால் அமெரிக்காவின் சேவைக்கு அழைத்துக்கொள்ளலாம் என்பதே அது. பின்னால் நடந்தவை எல்லாவற்றுக்கும் அடிப்படையாக இருந்தது இப்பிரிவாகும்.

பொதுநல அரசு இயற்றிய முதலாவது சட்டமே தேசிய பாதுகாப்புச் சட்டம்தான். 1935 டிசம்பரில் அது நிறைவேறியது. படையைக் கட்டியெழுப்ப ஆலோசகராக வந்தவர் ஜெனரல் டக்ளஸ் மக்ஆர்தர். பெரிய நிரந்தரப் படை ஒன்றுக்குச் சம்பளம் கொடுக்கக்கூடிய நிலையில் நாடு இருக்கவில்லை. ஆகவே நிரந்தரப் படையைச் சிறியதாக வைத்துக்கொண்டு, மிகுதியைச் சேமப்படையாகத் திரட்டுவது என்று முடிவாயிற்று. இருபது வயதான இளைஞர்கள் பெயரைப் பதிய வேண்டும். தெரிவானவர்கள் ஐந்தரை மாதம் பயிற்சி பெற்று வீடு திரும்ப வேண்டும். உழுகிறவன் உழுதுகொண்டிருப்பான், வலை வீசுகிறவன் வீசிக்கொண்டிருப்பான். அழைப்பு வந்தால் துப்பாக்கியை எடுக்க வேண்டும். 1946ஆம் ஆண்டளவில் இப்படி நான்கு இலட்சம் பேரைத் திரட்டுவது மக்ஆர்தரின் திட்டம்.

திட்டம் கடதாசியில் இருந்த அளவுக்குக் களத்தில் இருக்கவில்லை. முதலாம் உலக யுத்தகாலத்து என்ஃபீல்ட் துப்பாக்கிகள், தென்னை நாரினால் செய்த தலைக்கவசங்கள், கன்வஸ் சப்பாத்துகள், இவைதான் அவர்களுக்குக் கிடைத்தன. ஒரு தீவிலிருந்து வந்த அதிகாரியின் மொழி மற்றத் தீவிலிருந்து வந்த சிப்பாய்க்கு விளங்காத அணிகளும் இருந்தன.

1941 ஜூலை 26ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அந்தப் பிரிவைப் பயன்படுத்திக் கட்டளை பிறப்பித்தார். பிலிப்பைன்ஸ் பொதுநல அரசின் படைகள் அனைத்தும் அமெரிக்கப் படைகளின் சேவைக்கு அழைக்கப்பட்டன. அன்றே தூர கிழக்குக்கான அமெரிக்கப் படை என்ற புதிய கட்டளைத் தலைமையகம் மக்ஆர்தரின் கீழ் அமைக்கப்பட்டது. செப்டெம்பர் முதலாம் திகதி தொடக்கம் சேமப்படையினர் அணி அணியாகச் சத்தியப்பிரமாணம் செய்து சேர்க்கப்பட்டனர். மூன்று மாதங்கள்கூட முழுதாகக் கழிந்திருக்கும். டிசம்பர் 8ஆம் திகதி ஜப்பானியக் குண்டுகள் விழத் தொடங்கின. பல அணிகளில் துப்பாக்கியால் ஓரிரு தடவைகூடச் சுட்டுப் பழகாதவர்கள் இருந்தார்கள்.

காட்டிலும் களத்திலும்

பட்டானில் அவர்கள் மூன்று மாதங்களுக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். அரைப் பங்கீட்டு உணவு, பின்னர் அதிலும் குறைவு. மலேரியாவும் வயிற்றுளைவும் குண்டை விடக் கூடுதலானவர்களை வீழ்த்தின. ஏப்ரல் 9ஆம் திகதி சரணடைந்த பின், ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தூரம், நடையாகவும் மூடிய சரக்கு வண்டிகளிலும் அவர்கள் கொண்டுசெல்லப்பட்டதையே உலகம் பட்டான் மரண நடை என்று அழைக்கிறது. நடை முடிந்த இடமாகிய ஓடொனல் முகாமில் மாத்திரம் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோக்கள் நோயாலும் பட்டினியாலும் இறந்தனர். அதே முகாமில் இறந்த அமெரிக்கர் தொகை ஆயிரத்து ஐந்நூறு அளவில்.

தப்பியவர்களும் சரணடைய மறுத்தவர்களும் காட்டுக்குள் போய்க் கெரில்லாக்களானார்கள். மிண்டனாவோத் தீவில் இக்கதைக்கு நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. அங்குள்ள மோரோ முஸ்லிம்கள் அமெரிக்க ஆட்சியை இலகுவில் ஏற்றுக்கொண்டவர்கள் அல்லர். 1906இல் புத் டாஹோ மலையிலும் 1913இல் புத் பக்சாக் மலையிலும் பெண்கள், சிறுவர்கள் உட்பட நூற்றுக்கணக்கான மோரோக்கள் அமெரிக்கப் படையினரால் கொல்லப்பட்டிருந்தனர். அது நடந்து முப்பது வருடங்கள் கழிவதற்குள், அதே சமூகத்தின் இளைஞர்கள் அமெரிக்கக் கொடியின் கீழ் ஜப்பானியரை எதிர்த்து நின்றார்கள். கொத்தபாத்துப் பிரதேசத்தில் சலிபாதா பெண்டாதுன் என்ற முஸ்லிம் சட்டத்தரணி ஒரு கெரில்லாப் படையை நடத்தினார். யுத்தத்தின் பின் அவர் செனட் சபை உறுப்பினரானார். கல்வித்துறையிலிருந்து வந்த கும்பாய் பியாங் மோரோ போலோ அணியைத் திரட்டியவர்களுள் முக்கியமானவர். போலோ என்பது அவர்களது நீண்ட கத்தி. துப்பாக்கி போதாத இடத்தில் அதுவே ஆயுதமாயிற்று.

என் மாணவன் காட்டிய கடதாசிக்குரியவர் இப்படிப்பட்ட ஓர் அணியில்தான் இருந்திருக்கிறார். 1945இல் அமெரிக்கர் மிண்டனாவோவில் இறங்கியபோது வழிகாட்டியவர்களும் பாதையைத் திறந்து கொடுத்தவர்களும் இவர்களே.

ஒரு சட்டத்தின் சில சொற்கள்

அமெரிக்கப் படையில் சேவை செய்தவருக்கு என்ன கிடைக்கும் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1944 ஜூன் 22ஆம் திகதி ரூஸ்வெல்ட் ஒப்பமிட்ட சட்டம், நாடு திரும்பும் படையினருக்குக் கல்விச் செலவு, வீட்டுக் கடன், வேலையில்லாக் காலத்துக் கொடுப்பனவு என்பவற்றைத் தந்தது. காயப்பட்டவருக்கு ஓய்வூதியமும் வைத்தியமும் அதற்கு முன்பிருந்தே உண்டு. இவை எல்லாவற்றுக்கும் திறவுகோலாக இருந்தது ஒரு சொற்றொடர்: செயல்நிலைப் படைச்சேவை. அச்சேவையில் இருந்தவர் என்று பதிவாகியிருந்தால் உரிமை உண்டு, இல்லையென்றால் இல்லை. ஜனாதிபதியின் கட்டளையால் அழைக்கப்பட்ட பிலிப்பினோக்கள் அச்சேவையில் இருந்தவர்களே என்பதில் யுத்தம் முடியும்வரை யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

1946 பெப்ரவரி 18ஆம் திகதி ஒரு செலவினச் சட்டம் நிறைவேறியது. யுத்தம் முடிந்ததால் செலவழிக்கப்படாமல் மிஞ்சிய ஒதுக்கீடுகளைத் திருப்பி எடுப்பதற்கான சட்டம் அது. அதனுள் பிலிப்பைன்ஸ் படைக்கு 200 மில்லியன் டொலர் வழங்கும் ஒரு பந்தி இருந்தது. அதனோடு ஒரு நிபந்தனையும் ஒட்டியிருந்தது. அழைக்கப்பட்ட பிலிப்பைன்ஸ் படையில் ஆற்றிய சேவை, அமெரிக்கச் சட்டங்கள் தரும் உரிமைகளுக்கும் நன்மைகளுக்குமான தேவைக்கு, செயல்நிலைப் படைச்சேவையாகக் கருதப்படமாட்டாது என்பதே அந்நிபந்தனை. விதிவிலக்கு இரண்டு மாத்திரம். ஏற்கெனவே எடுத்திருந்த ஆயுள் காப்புறுதி செல்லும். சேவையினால் ஊனமுற்றோருக்கும் இறந்தோரின் குடும்பத்தினருக்கும் உதவித்தொகை உண்டு. ஆனால் அமெரிக்கச் சிப்பாய்க்கு ஒரு டொலர் என்றால் இவர்களுக்கு ஒரு பெசோ. அன்றைய நாணயமாற்றில் இரண்டு பெசோ சேர்ந்துதான் ஒரு டொலர். ஆகவே இழந்த காலுக்குப் பாதி விலை.

அந்த வருட மே மாதத்தில் இன்னொரு சட்டம், 1945இன் பின்னர் திரட்டப்பட்ட புதிய பிலிப்பைன்ஸ் சாரணப்படைக்கும் இதே வரையறையைக் கொண்டுவந்தது. அமெரிக்க நிரந்தரப் படையின் ஒரு பிரிவாக இருந்த பழைய சாரணப்படையினருக்கு மாத்திரம் முழு உரிமையும் எஞ்சியது. ஒரே பதுங்குகுழியில் இருந்த இருவரில் ஒருவர் நிரந்தரப்படை, மற்றவர் சேமப்படை என்பதற்காக ஒருவருக்கு முழு வைத்தியமும் மற்றவருக்குப் பாதி உதவித்தொகையும் கிடைத்தது.

ஜனாதிபதி ட்ரூமன் அச்சட்டத்தில் ஒப்பமிட்டார். இரண்டு நாள் கழித்து ஓர் அறிக்கையும் வெளியிட்டார். பிலிப்பைன்ஸ் படையினரின் நலனைக் கவனிப்பது அமெரிக்காவின் தார்மீகக் கடமை என்றும், இந்நிபந்தனை அக்கடமையை நீக்கிவிடவில்லை என்றும் அதில் சொன்னார். ஒப்பமும் அப்படியே இருந்தது, கடமையும் அப்படியே இருந்தது.

மறுபக்கத்து நியாயம்

ஒரு தரப்பை மாத்திரம் சொல்லி மறுதரப்பை மறைப்பது வகுப்பறைக்கும் ஆகாது, கட்டுரைக்கும் ஆகாது. சட்டத்தை முன்னின்று நடத்திய செனட்டர் கார்ல் ஹேடன் முதலியோருக்குச் சில நியாயங்கள் இருந்தன. 1946 ஜூலை 4ஆம் திகதி பிலிப்பைன்ஸ் சுதந்திர நாடாகப் போகிறது. அதன் பின் அப்படையினரின் பொறுப்பு அந்நாட்டு அரசுக்குரியது என்றார்கள். அங்கே வாழ்க்கைச் செலவு குறைவு. அமெரிக்க அளவில் பணம் போனால் அந்நாட்டுப் பொருளாதாரமே நிலைகுலையும் என்றார்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் தொகை. எல்லோருக்கும் முழு நன்மையும் கொடுப்பதென்றால் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் செல்லும் என்று, படையினர் விவகார நிர்வாகத்தின் தலைவராயிருந்த ஜெனரல் ஒமர் பிராட்லியின் தரப்பு கணக்குக் கொடுத்திருந்தது.

பொய்க் கணக்குகளும் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. யுத்தத்தின் பின் கெரில்லாவாக அங்கீகரிக்கக் கோரிய பெயர்கள் பத்து இலட்சத்துக்கும் மேல். 1948 வரை நடந்த விசாரணைகளில் அங்கீகாரம் பெற்றவை இரண்டு இலட்சத்து அறுபதாயிரம் அளவில். பிற்காலத்தில் ஜனாதிபதியாகிச் சர்வாதிகாரியான பெர்டினண்ட் மார்க்கோஸும் தான் ஒரு பெரிய கெரில்லா அணியை நடத்தியதாகக் கோரிக்கை வைத்திருந்தார். அமெரிக்க இராணுவம் அதனை நிராகரித்திருந்தது. 1986 ஜனவரியில் வரலாற்றாசிரியர் அல்பிரட் மக்கோய் அமெரிக்கச் சுவடிக்கூடத்திலிருந்து அந்த ஆவணங்களை வெளிக்கொண்டுவந்தார்.

ஆனால் பொய்க் கணக்கு காட்டியவர்களைப் பிரித்தெடுக்கத்தான் விசாரணை இருந்தது. 1946ஆம் ஆண்டுச் சட்டம் தண்டித்தது விசாரணையில் உண்மையானவர்கள் என்று தேறியவர்களையே. எதிர்காலத்தில் யாருக்கு என்ன கொடுப்பது என்று ஓர் அரசு தீர்மானிப்பது வேறு விடயம். நடந்து முடிந்த சேவையை நடக்கவில்லை என்று பின்னோக்கிச் சட்டம் எழுதுவது வேறு விடயம். எனக்கு இதில்தான் மனம் ஆறவில்லை. வருட முடிவில் ஓர் ஆசிரியர் பழைய இடாப்பை எடுத்து, ஒவ்வொரு நாளும் பாடசாலைக்கு வந்த பிள்ளையின் வரவுகளை எல்லாம் சிவப்பு மையால் வெட்டிவிட்டு, இப்பிள்ளை படிக்கவே இல்லை என்று அத்தாட்சிப்படுத்தினால் எப்படியிருக்கும்?

ஒரு வைத்தியசாலை

வைத்திய வசதி விடயத்தில் கொஞ்சம் கருணை காட்டப்பட்டது. 1948 ஜூலையில் கொங்கிரஸ் இன்னொரு சட்டத்தை நிறைவேற்றியது. பிலிப்பைன்ஸில் படையினருக்கான வைத்தியசாலை கட்டவும் உபகரணங்கள் வாங்கவும் 22.5 மில்லியன் டொலர் வரையிலும், சிகிச்சைச் செலவுக்கு ஆண்டு மானியமும் வழங்க அது இடமளித்தது. மணிலாவை அடுத்த கேசோன் நகரில் படைவீரர் நினைவு வைத்தியசாலை 1955இல் திறக்கப்பட்டது. இன்றும் அது பிலிப்பைன்ஸ் அரசின் கீழ் இயங்குகிறது. பட்டானில் நெஞ்சுச்சளி பிடித்தவர்களும் கால் இழந்தவர்களும் அங்கே கட்டிலைக் கண்டார்கள்.

ஆனால் ஆயிரக்கணக்கான தீவுகள் கொண்ட நாட்டில் ஒரு வைத்தியசாலை. மிண்டனாவோவின் உட்கிராமம் ஒன்றிலிருந்து அங்கே வருவதற்குக் கடல் தாண்ட வேண்டும். உடன்வருபவருக்கும் செலவு வேண்டும். வந்தாலும் நோய் சேவைக்காலத்தில் பிடித்தது என்று காட்ட வேண்டும். காட்டில் கெரில்லாவாக இருந்தவனுக்கு எந்த வைத்தியர் துண்டு எழுதிக் கொடுத்திருப்பார்? மலேரியா வந்தபோது மரப்பட்டையை அவித்துக் குடித்தவனிடம் முப்பது வருடங்கள் கழித்து நோயாளர் பதிவேட்டைக் கேட்டால் அவன் எங்கே போவான்?

கிழவர்களின் போராட்டம்

யுத்தகாலத்தில் அமெரிக்கப் படையில் சேவை செய்த வெளிநாட்டவர் அமெரிக்கப் பிரஜையாகலாம் என்று 1942இல் ஒரு சட்டம் வந்திருந்தது. அதற்கான கடைசித் திகதி 1946 டிசம்பர் 31. ஆனால் மணிலாவில் மனுக்களை ஏற்கும் அதிகாரம் 1945 ஒக்டோபர் தொடக்கம் ஒன்பது மாதங்களாக நீக்கப்பட்டிருந்தது. பல வருடங்களின் பின் ஹிபி என்ற முன்னாள் சிப்பாய் இதனைச் சுட்டிக்காட்டி வழக்காடினார். திகதி கடந்துவிட்டது என்று சொல்லி 1973இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கதவைப் பூட்டியவர்களே நேரத்துக்கு வரவில்லை என்று குற்றஞ்சாட்டிய வழக்கு இது.

1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் பிரஜாவுரிமைக் கதவைத் திறந்தது. எழுபது வயதை எட்டிய கிழவர்கள் ஆயிரக்கணக்கில் கலிபோர்னியாவுக்குப் போனார்கள். பிரஜாவுரிமை கிடைத்தது, படையினருக்குரிய நன்மைகள் கிடைக்கவில்லை. ஏழை முதியோருக்கான பொது உதவித்தொகையில், ஓர் அறையில் பலராகத் தங்கி, மிச்சம்பிடித்ததை ஊரிலுள்ள மனைவி மக்களுக்கு அனுப்பினார்கள். நம் ஊரிலிருந்து மத்திய கிழக்குக்குப் போனவர்கள் வாழும் வாழ்க்கைதான். வயது மாத்திரம் வேறு. 1997இல் சில கிழவர்கள் லொஸ் ஏஞ்சல்ஸில் மக்ஆர்தர் சிலையடியிலும் வெள்ளை மாளிகையின் வேலியிலும் தம்மைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு நின்றார்கள்.

அதன் பின் கதவு அங்குலம் அங்குலமாகத் திறந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம், அந்த உதவித்தொகையின் முக்கால்வாசியோடு தாய்நாடு திரும்பி வாழ இடமளித்தது. 2000ஆம் ஆண்டில், அமெரிக்காவில் வாழும் ஊனமுற்ற முன்னாள் பொதுநலப் படையினருக்குப் பாதிக்குப் பதிலாக முழுத்தொகை கிடைத்தது. 2003 டிசம்பரில், அமெரிக்காவில் சட்டப்படி வாழும் கெரில்லாக்களும் புதிய சாரணப்படையினரும் உட்பட எல்லோருக்கும் படையினர் வைத்தியசாலைகளில் அமெரிக்கருக்குச் சமமான சிகிச்சை என்று சட்டம் வந்தது. யுத்தம் முடிந்து 58 வருடங்களாகியிருந்தன. மிண்டனாவோவில் இருந்தவருக்கு இச்சட்டங்களால் ஏதும் வரவில்லை.

இக்கிழவர்களுக்காக செனட் சபையில் கடைசிவரை வாதாடியவர் ஹவாயின் டானியல் இனோயே. ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். அமெரிக்கப் படையில் சேர்ந்து இத்தாலியில் வலது கையை இழந்தவர். அவருடைய முயற்சியால், 2009 பெப்ரவரி 17ஆம் திகதி ஜனாதிபதி ஒபாமா ஒப்பமிட்ட பொருளாதார மீட்சிச் சட்டத்தினுள் 198 மில்லியன் டொலர் நிதியம் ஒன்று சேர்க்கப்பட்டது. உயிரோடிருப்பவர்களில் அமெரிக்கப் பிரஜைக்கு 15,000 டொலர், பிரஜை அல்லாதவருக்கு 9,000 டொலர், ஒரே தடவையில். பெற்றுக்கொண்டால் அச்சேவை தொடர்பில் வேறு கோரிக்கை எழுப்ப முடியாது. அதற்கு முன்பே இறந்தவர்களின் விதவைகளுக்கு ஒன்றும் இல்லை.

விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 42 ஆயிரம் பேர். கிடைத்தது 19 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு. மறுக்கப்பட்ட பலருக்குச் சொல்லப்பட்ட காரணம், அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரிலுள்ள ஆவண நிலையத்துப் பட்டியலில் பெயர் இல்லை என்பது. கையில் 23ஆம் படிவம் இருந்தும், பிலிப்பைன்ஸ் அரசு தன் பங்குக்கு ஓய்வூதியம் கொடுத்துக்கொண்டிருந்தும், அந்த இடாப்பில் பெயர் இல்லையென்றால் அவர் சிப்பாய் அல்லர். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்தவர் பெயரை ஒவ்வொரு எழுதுவினைஞரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார். முஸ்லிம் பெயர்கள் ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக மாறும் என்பதை, நம் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு அலைந்த எந்த அதிபரும் சொல்வார்.

பெயரும் பலனும்

இது பிலிப்பினோக்களுக்கு மாத்திரம் நேர்ந்தது என்று நினைத்துத்தான் தேடலைத் தொடங்கினேன். அமெரிக்காவின் சொந்தச் சேமப்படைக்கும் தேசிய காவற்படைக்கும் உரிய சட்டத்தை வாசித்தபோது அதே சொற்றொடரை அங்கும் கண்டேன். மாதத்தில் ஒரு வார இறுதியும் வருடத்தில் இரண்டு வாரமும் பயிற்சிக்குப் போகும் ஒருவர், எத்தனை வருடம் அப்படிப் போனாலும், அதனால் மாத்திரம் சட்டப்படி முன்னாள் படைவீரர் ஆகிவிடமாட்டார். வருடாந்தப் பயிற்சியின்போது கடமையால் நோயோ காயமோ ஏற்பட்டு ஊனமுற்றால் அது சேவையாகக் கணிக்கப்படும். வார இறுதிப் பயிற்சியில் காயம் கணக்கில் வரும். நோய் பொதுவாக வராது, மாரடைப்பும் பக்கவாதமும் போன்ற சிலவற்றைத் தவிர. காயம் கடமையில்தான் ஏற்பட்டது என்ற கடதாசி அன்றே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

2001இன் பின் ஆப்கானிஸ்தானுக்கும் ஈராக்குக்கும் இலட்சக்கணக்கான சேமப்படையினர் அனுப்பப்பட்டபோதுதான் இச்சிக்கலின் அளவு அங்கு வெளியே தெரிந்தது. 2005இல் சேமப்படையினர் கட்டணம் செலுத்திச் சேரக்கூடிய வைத்தியக் காப்புறுதி ஒன்று தொடங்கப்பட்டது. களத்துக்குப் போய் வந்தவர்களுக்குப் படையினர் வைத்தியசாலைகளில் சிகிச்சை பெறும் காலம் 2008இல் ஐந்து வருடமாகவும் 2022இல் பத்து வருடமாகவும் நீட்டப்பட்டது. இவை நல்ல மாற்றங்களே. ஆயினும் களத்துக்கு அழைக்கப்படாமல் இருபது வருடம் ஆயத்தமாக இருந்தவர் வெளியேதான் நின்றார்.

2016 டிசம்பர் மாதத்தில் இரண்டு சட்டங்கள் இரண்டு நாள் இடைவெளியில் ஒப்பமிடப்பட்டன. 14ஆம் திகதிய சட்டம் பிலிப்பினோ முன்னாள் படையினருக்குக் கொங்கிரஸின் தங்கப் பதக்கத்தை வழங்கியது. 16ஆம் திகதிய சட்டம் இருபது வருடம் சேமப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களை முன்னாள் படைவீரர் என்று கௌரவமாக அழைக்கலாம் என்றது. ஆனால் அப்பெயரினால் எந்த நன்மையும் சேராது என்றும் அதிலேயே எழுதப்பட்டிருந்தது. ஒரு தரப்புக்கு எழுபது வருடங்களின் பின் பதக்கம், மறுதரப்புக்குப் பலன் இல்லாத பெயர். சேவையாகக் கருதப்படமாட்டாது என்ற 1946ஆம் ஆண்டு வாசகமோ அமெரிக்கச் சட்டக்கோவையில் இன்னும் நீக்கப்படாமல் இருக்கிறது.

சேமப்படை என்ற ஏற்பாட்டின் இலாபமே, தேவைப்படும்போது சிப்பாய், தேவையில்லாதபோது குடிமகன் என்பதுதான். அரசுக்கு அது சிக்கனம். ஆனால் மனித உடம்பு அப்படி இரண்டாகப் பிரிவதில்லை. பட்டானில் வந்த மலேரியா வயலுக்குத் திரும்பிய பின்னும் அதே உடம்பில் இருந்தது. அழைக்கும் கட்டளையில் தெளிவாக இருந்த சொற்கள், கணக்குத் தீர்க்கும் சட்டத்திலும் அதே தெளிவோடு இருக்க வேண்டும். அழைக்கும் அன்றே அவை எழுதப்படவும் வேண்டும். பின்னர் எழுதுகிறவர் கையில் பணக் கணக்கு மாத்திரமே இருக்கும்.

சென்ற கிழமை மாணவனுக்குத் தொலைபேசியில் பேசினேன். கடதாசிக்குரியவர் மௌத்தானது 1987இல். எனவே 2009ஆம் ஆண்டுச் சட்டம் அவரைச் சேராது. அவருடைய மனைவியையும் சேராது. "கடதாசி உண்மையாகவே இருக்கட்டும் மகன், சட்டம் அவர் உசிரோட இருக்கணும் எண்டு கேட்டிருக்கு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்ப அந்தக் கடதாசிய இனி என்ன செய்யிற சேர்? அவன் எறியத்தான் நெனச்சிருக்கான்" என்று கேட்டான்.

எறிய வேண்டாம் என்று சொன்னேன். இரண்டு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுக்கச் சொன்னேன். அதில் அவரோடு இருந்தவர்கள் என்று எழுதியுள்ள பெயர்களை, அவர்கள் ஊரில் சொல்கிறபடியே, எழுத்துப் பிழையில்லாமல் ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொன்னேன். அந்தப் பெயர்கள் இப்போது எனக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. பதினொரு பேர். ஏழாவது பெயரை இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். எது சரி என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன்.